புள்ளி யாருக்கு?

இடது கைப் பெருவிரலுக்குக் கீழே இருந்த புள்ளியைக் காணோம்.

மொக்கம்மாள் வாசல் குழாயடியில் குத்தவைத்துப் பால்சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். நன்றாக விடிந்துவிட்டது. மலைப் பக்கமிருந்து இறங்குகிற காற்றில் அடுத்த தோட்டத்துத் திராட்சைக்கு அடித்த மருந்து வாடை, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த வாடை, மூக்கைத் தாண்டித் தொண்டை வரைக்கும் போய் உட்கார்ந்தது. கரியும் நுரையும் தண்ணீரோடு வழிந்துபோன பிறகு கை பளிச்சென்று தெரிந்தது. எட்டு வருசமாக அங்கே குடியிருந்த புள்ளி அது. திராட்சை விதை மாதிரி ஒரு பக்கம் கூம்பி, மறுபக்கம் உருண்டு, பழுப்பாக இருக்கும். ஒருவேளை வலது கையோ என்று அதையும் திருப்பிப் பார்த்தாள். சொந்தக் கையில் யாருக்காவது இடது வலது மறக்குமா? எச்சில் தொட்டுத் தேய்த்தாள். புள்ளி இருந்த இடம் பச்சைப் பிள்ளை தோல் போல வழுவழுவென்று இருந்தது.

சந்தோசப்பட வேண்டிய விசயந்தான். அதற்காகத்தானே இத்தனை பாடும். ஆனாலும் அந்த இடத்தை இன்னொரு தடவை தடவிப் பார்த்தாள். சட்டியைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போனாள்.

எல்லாம் தை மாசம் ஆரம்பித்தது. மகள் முனீஸ்வரியைப் பெண் பார்க்கச் சின்னமனூரில் இருந்து வந்திருந்தார்கள். முனீஸ்வரிக்கு இருபத்துநாலு வயசு, ராயப்பன்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர். பெண்ணைப் பற்றிக் குறை சொல்ல யாருக்கும் நாக்கு வராது. மாப்பிள்ளைப் பையனுக்கும் பார்த்த உடனே பிடித்துப்போனது. மொக்கம்மாள்தான் தட்டில் காபி கொண்டுவந்து நீட்டினாள். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை எடுக்கவில்லை. அவள் பார்வை காபியில் இல்லை, தட்டைப் பிடித்திருந்த கையில் இருந்தது. "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தோம்" என்றாள். மொக்கம்மாள் முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்துத் தரகர் போனில் கேட்டார். "ஏத்தா, கோவிச்சுக்கிறாதீக. ஒங்க கையில என்னமோ புள்ளி புள்ளியா இருக்காமே. குடும்பத்துல தோல் வியாதி ஏதும் இருக்கான்னு கேக்குறாக."

மகளுக்கு நல்ல இடம் தன் கையாலேயே தட்டிப் போவதா! மொக்கம்மாளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே கம்பத்துக்குப் பஸ் ஏறித் தோல் டாக்டர் சாபிராவிடம் போய் உட்கார்ந்தாள். சின்ன வயசு டாக்டர். கையைப் பிடித்து, லென்ஸ் வைத்து நிதானமாகப் பார்த்தார்.

"தோட்ட வேலையாம்மா?"

"முப்பது வருசமா திராட்சைப் பந்தல்லதேன். சொந்தத் தோட்டம்."

"அதான். வெயில் பட்டுப் பட்டு, தோலோட நிறம் அங்கங்க சேந்து நின்னுக்கிருச்சு. அம்பது தாண்டுனா நெறயப் பேருக்கு வர்றதுதாம்மா. வியாதியே இல்ல. யாருக்கும் ஒட்டாது."

"மறையுமா?"

"மங்கும். ராத்திரி பூச ஒரு களிம்பு தர்றேன். பகல்ல வெயில் படாம சன்ஸ்கிரீன் போடணும், முழுக்கை சட்டை போடணும். எலுமிச்சம்பழம் அது இதுன்னு தேச்சுப் புண்ணாக்கிறாதீங்க. மூணு மாசமாவது பொறுக்கணும். ஏதாவது ஒரு புள்ளி ஓரம் கோணலாகி, கருத்து, ரத்தம் வந்தா மட்டும் ஒடனே வந்துருங்க." பிறகு செல்போனில் இரண்டு கையையும் படம் எடுத்து வைத்துக்கொண்டார். மூன்று மாசம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றார்.

டாக்டர் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. பொறுக்க மாட்டாதவள் மொக்கம்மாள்தான். ஒரு மாசம் களிம்பைப் பூசிவிட்டு, தினமும் விடிந்ததும் கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். புள்ளிகள் அப்படியே இருந்தன. இரண்டு கையிலும் சேர்த்து முப்பத்தாறு. தரகர் எப்படியோ பேசிச் சமாளித்து, வைகாசி முதல் ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருவார்கள் என்று நாள் குறித்துக் கொடுத்துவிட்டார். மறுபடி அதே அம்மா வருவாள். மறுபடி காபி நீட்ட வேண்டும்.

அப்போதுதான் ஆயிரங்கண் பானை ஞாபகம் வந்தது. அம்மை போட்டு இறங்கினவர்களுக்காக எடுக்கிற பானை. சுண்ணாம்பு பூசி, உடம்பெல்லாம் செம்புள்ளியும் கரும்புள்ளியும் வைத்து, பங்குனித் திருவிழாவில் ஊர் மாரியம்மன் வாசலில் கொண்டுபோய் இறக்குவார்கள். உடம்புப் புள்ளியை ஆத்தா பானையில் வாங்கிக்கொள்வாள் என்பது நம்பிக்கை. அம்மைப் புள்ளியை வாங்குகிறவள் இந்தப் புள்ளியை வாங்க மாட்டாளா?

கர்ணன் வேளார்தான் பானை வனைகிறவர். அவர் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பச்சை மண்ணாக இருக்கும்போதே பானையின் அடியில், யாருக்காக எடுக்கிறார்களோ அவர்கள் பேரை ஈர்க்குச்சியால் கீறிவிடுவார். மொக்கம்மாள் போனபோது அவர் ஈரப்பானையைக் கவிழ்த்து மடியில் வைத்திருந்தார். மண்வாடையும் சூளைப் புகையும் அந்தக் கொட்டகைக்குள் அடைந்துகிடந்தன.

"புள்ளி யாருக்கு?" என்று கேட்டார்.

ஐம்பத்துநாலு வயசில் கை அழகுக்குப் பானை எடுக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? ஊரே சிரிக்கும். கையை முந்தானைக்குள் விட்டுக்கொண்டாள்.

"மகளுக்கு" என்றாள்.

"அம்ம போட்டுச்சா?"

"ஆமா."

"பேரு?"

"முனீஸ்வரி."

ஈர்க்குச்சி ஈர மண்ணில் கீறுகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான் நடந்தது.

முனீஸ்வரியிடம், கல்யாணம் கூடிவர நேர்ந்திருக்கிறேன் என்று சொன்னாள். அவளும் மறுபேச்சுப் பேசாமல் மஞ்சள் சேலை கட்டிப் பானையை இரண்டு கையிலும் ஏந்தி நடந்தாள். சுண்ணாம்பு சரியாகக் காயவில்லை போல. இறக்கி வைத்துவிட்டு வந்தபோது அவள் கையெல்லாம் வெள்ளையும் செம்மண்ணும் ஒட்டியிருந்தது. அதற்கு மூன்றாம் நாள்தான் குழாயடியில் அந்த முதல் புள்ளியைக் காணோம்.

அடுத்த பத்து நாளில் அதையும் சேர்த்துப் பதினாலு புள்ளிகள் போய்விட்டன. மொக்கம்மாள் பந்தலுக்குள் கொத்து கத்தரிக்கும்போது, இலைக்கு ஊடாக விழுகிற வெயில் வட்டங்கள் சுத்தமான கையில் ஊர்ந்து போவதைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தாள். ஆத்தா கண் திறந்துவிட்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் புருசன் ஈஸ்வரபாண்டிகூட, "என்ன, கை மினுக்கா இருக்கு" என்று கேட்டார். கேட்டுவிட்டு மருந்தடிக்கப் போய்விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்ட் போனது. மின்விசிறி கறகறவென்று இழுத்துக்கொண்டே நின்றது. முனீஸ்வரி தரையில் உட்கார்ந்து, சிவப்புப் பேனாவால் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். வெளியே வெயில் கொளுத்தியதில் காக்காய்கூடக் கத்தவில்லை. பேப்பரில் பேனா ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. விசிறி மட்டையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்த மொக்கம்மாள் மகளின் கையைப் பார்த்தாள்.

இடது கை. பெருவிரலுக்குக் கீழே. ஒரு பக்கம் கூம்பி, மறுபக்கம் உருண்டு.

"என்னடி இது?"

"எதும்மா? மையாயிருக்கும்." முனீஸ்வரி புறங்கையைப் பாவாடையில் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். "போக மாட்டேங்குது. வெயில்ல பஸ்ஸுக்கு நிக்கிறேன்ல, அதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோட்டை எடுத்தாள்.

அவள் சாப்பிட்டுக் கண்ணயர்ந்ததும் மொக்கம்மாள் பக்கத்தில் மண்டியிட்டு எண்ணினாள். மகள் கையில் பதினாலு. தன் கையில் இருபத்திரண்டு. இடமும் மாறவில்லை, உருவமும் மாறவில்லை. மோதிர விரல் கணுவில் இருந்த இரட்டைப் புள்ளிகூட அதே மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. மறுபடி எண்ணினாள். வியர்வை மூக்கு நுனியில் இருந்து மகளின் கைமேல் சொட்டியது. முனீஸ்வரி தூக்கத்தில் கையை இழுத்துக்கொண்டாள்.

மறுநாளே கம்பத்துக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் சாபிரா முதலில் சிரித்தமுகமாகத்தான் பேசினார். லென்ஸை வைத்துப் பார்க்கப் பார்க்க அந்தச் சிரிப்பு அடங்கியது.

"இருபத்துநாலு வயசா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு செல்போனை எடுத்து எதையோ தேடி, முனீஸ்வரியின் கைக்குப் பக்கத்தில் வைத்தார். தைமாசம் எடுத்த படம். படத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். அறைக்குள் ஏசி உறுமுகிற சத்தமும், வெளியே யாரோ குழந்தையை அதட்டுகிற சத்தமும் கேட்டன. டாக்டர் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"ஒங்க கையக் காமிங்கம்மா."

மொக்கம்மாள் நீட்டினாள். டாக்டர் தொடவில்லை. நாற்காலியை லேசாகப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார்.

"ஒட்டாதுன்னு சொன்னீகளே டாக்டரம்மா?"

"ஒட்டாதும்மா. ஒட்டாது." குரலில் பலமே இல்லை. "மதுரை பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். அங்கன பெரிய டாக்டர்மாரு பாப்பாக. சீக்கிரம் போங்க."

மதுரையிலும் போய் இரண்டு நாள் இருந்து பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், தோலில் துளி கிள்ளி எடுத்தார்கள். அறுபது வயசுக் கை மாதிரி இருக்கிறதே என்று ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டார்கள். முடிவு வர நாளாகும் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஊர் வந்ததும் மொக்கம்மாள் நேரே கர்ணன் வேளார் வீட்டுக்கு ஓடினாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். பொய் சொன்னதையும் சொன்னாள். "பேர மாத்திருங்கய்யா. எம் பேரப் போடுங்க. புள்ளி எனக்கு. மொக்கம்மாளுக்கு."

வேளார் சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். "சுட்ட மண்ணும் பச்ச மண்ணும் ஒட்டுமா ஆத்தா? வெந்துபோன பானையில நான் என்னத்த மாத்த?"

"அப்ப என்னதான் செய்ய?"

"எனக்குத் தெரியலையே. எங்கப்பன் காலத்துல இருந்து பொய் சொல்லி யாரும் பானை வாங்குனதில்ல." கையில் ஒட்டியிருந்த மண்ணை வழித்துப் போட்டார். "போயி அந்தப் பானைய எடுத்து ஒடச்சுப் பாரு."

கோவிலுக்கு அவள் போய்ச் சேரும்போது உச்சி வெயில். ஆள் நடமாட்டம் இல்லை. சுவரை ஒட்டி, வேப்பமரத்தைச் சுற்றி, திருவிழாவில் இறக்கிய பானைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. நூறு இருக்கும், அதற்கு மேலும் இருக்கும். வாடிய வேப்பிலை வாடையும், நாள்பட்ட எண்ணெய்ச் சிக்கு வாடையும் அடித்தன. எல்லாமே வெள்ளைப் பானை. எல்லாவற்றிலும் செம்புள்ளி, கரும்புள்ளி. எதைப் பார்த்தாலும் அது இவளைப் பார்ப்பது போல இருந்தது.

முதல் பானையைத் தூக்கிக் கவிழ்த்தாள். அடியில் முனீஸ்வரி என்று கீறியிருந்தது. அப்பாடா, ஆத்தா கைவிடவில்லை! தலைக்கு மேல் தூக்கிக் கல்லில் ஓங்கிப் போட்டாள். சில்லுச் சில்லாகப் போனது. நெஞ்சு லேசானது. திரும்பும்போது கால் பட்டு இன்னொரு பானை உருண்டது.

அதன் அடியிலும் முனீஸ்வரி.

இன்னொன்றைப் புரட்டினாள். முனீஸ்வரி. அதற்கடுத்தது. முனீஸ்வரி. மரத்தடியில் இருந்தது, சுவரோரம் இருந்தது, போன வருசத்துப் பானை, பாசி பிடித்த பானை. எல்லாம் முனீஸ்வரி. அதே கையெழுத்து. கை வலிக்க வலிக்கப் புரட்டினாள். உடைத்தாள். மறுபடி புரட்டினாள். சில்லுக் குவியலில் ஒரு சில்லைக் கையில் எடுத்தாள். அதிலும் இருந்தது. இத்தனூண்டு சில்லில், முழுப் பேரும்.

அன்றைக்குப் பிறகு அவள் கோவில் பக்கம் போகவில்லை. வேறு வழி ஒன்றும் தெரியாமல், வெயில்தானே கொடுத்தது, வெயிலிடமே திரும்ப வாங்குவோம் என்று கிளம்பினாள். சித்திரை வெயிலில், முழுக்கைச் சட்டை போடாத கையை நீட்டி, மொட்டைமாடித் தளத்தில் பதித்துக்கொண்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். தளம் தோசைக்கல்லாகக் காய்ந்தது. கை சிவக்கவில்லை, கொப்புளிக்கவில்லை. நாளுக்கு நாள் இன்னும் மினுங்கியது. நரம்பு உள்ளே போய் மறைந்தது. கடைசிப் புள்ளியும் ஒரு வெள்ளிக்கிழமை போனது.

எனக்குத் திருப்பிக் கொடு தாயே, எனக்கே கொடு என்று அழுதாள். கீழே இருந்து முனீஸ்வரி கூப்பிட்டாள்.

"ம்மா, முட்டி வலிக்குதும்மா. உக்காந்தா எந்திரிக்க முடியல."

மொக்கம்மாள் தடதடவென்று படியில் இறங்கி ஓடினாள். கடைசிப் படியில்தான் உறைத்தது. ஏழு வருசமாக அவளுக்கு முட்டி வலி. கைப்பிடி இல்லாமல் இந்தப் படியில் இறங்கியதே இல்லை. இப்போது ஓடி வந்திருக்கிறாள்.

அப்படியானால் புள்ளி மட்டும் இல்லை.

முனீஸ்வரி பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டாள். காதோரம் நரைத்தது. "நோட்டையாவது திருத்திக் குடுத்துர்றேம்மா, பிள்ளைக காத்திருக்கும்" என்று சிவப்புப் பேனாவை விடாமல் பிடித்திருந்தாள். கண்ணுக்கு எழுத்துத் தெரியவில்லை. அம்மாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். சரியாக இருந்தது.

"எனக்கு என்னம்மா ஆகுது?" என்று கேட்டாள். ஒரு தடவைதான் கேட்டாள். மொக்கம்மாள் மகளின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு அழுதாள். அழுதவள் கைதான் இளசாக இருந்தது.

வைகாசி முதல் ஞாயிறு. காலை ஒன்பது மணி. மொக்கம்மாள் முடிவு செய்துவிட்டாள். புருசனிடம் போய் நின்றாள். ஈஸ்வரபாண்டி வெள்ளைவேட்டி கட்டி, வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, வரவேணாம்னு சொல்லிருவோம். இந்தக் கல்யாணம் வேணாம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஒரு குழப்பமும் இல்லை.

"என்ன பேச்சுப் பேசுறவ முனீசு? போ, போயிச் சேலையக் கட்டு. ஒங்காத்தாளக் காபி போடச் சொல்லு."

"என்னங்க, நான் மொக்கம்மா."

அவர் சிரித்துக்கொண்டே அடுத்த நாற்காலியை விரித்தார்.

கார் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். மல்லிகைப் பூ வாடை வீட்டுக்குள் நுழைந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் மொக்கம்மாளைப் பிடித்து, பட்டுச்சேலை சுற்றி, பாயில் உட்கார வைத்தார்கள். எழுந்திருக்கப் பார்த்தாள். தோளில் கைகள். "பூ வைக்கும்போது எந்திரிக்கப்படாது." கால் அசையவில்லை. யாரும் அழுத்தவில்லை, ஆனாலும் அசையவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா எதிரே வந்து உட்கார்ந்தாள். கையைப் பிடித்தாள். திருப்பினாள். தடவினாள்.

"வெண்ணை கணக்கா இருக்கு. ஒரு மாசு மரு இல்ல."

"நான் பொண்ணு இல்ல. பொண்ணோட ஆத்தா." குரல் வந்தது. அது அவள் குரல் இல்லை. வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற குரல்.

எல்லோரும் சிரித்தார்கள்.

"வெக்கத்துல ஒளறுது பாரு, கழுத."

தலையைக் குனிய வைத்தார்கள். பூ ஏறியது. சில்லென்று பிடரியில் பட்டது. குலவைச் சத்தம் காதை அடைத்தது.

அடுப்படிக் கதவு திறந்தது.

முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவி வந்தாள். ஒரு அடி. இன்னொரு அடி. கையில் தட்டு. தட்டில் காபி. டம்ளர்கள் கிணுகிணுத்தன.

மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை எடுக்கவில்லை. தட்டைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.

"இப்பத்தான் குடிச்சிட்டு வந்தோம்."

கிழவி தட்டைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்தாள். கண்ணாடிக்குள் இருந்து இருபத்துநாலு வயசுக் கண் இரண்டும் மொக்கம்மாளையே பார்த்தன. முந்தானைக்குள் கை மறைந்தது. முப்பத்தாறு புள்ளியும் மறைந்தது. ஒரு விரல் மட்டும் வெளியே தெரிந்தது.

அதன் நுனியில், நோட்டுத் திருத்திய சிவப்பு மை.